அட்டையில் வந்த வசனமும் வங்கியில் கேட்கும் கையெழுத்தும்

சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

சகோதரிக்கு வயது 39. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து வளர்ந்து, திருமணத்துக்குப் பின் கணவர் குடும்பத்தோடு ஒரு சுயாதீன சபைக்குப் போய்வருகிறார். கணவர் எட்டு விசைத்தறிகளைக் கூலிக்கு ஓட்டுகிறார். டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்டு வழக்கம்போல் தட்டில் வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றைக் கணவர் எடுத்திருக்கிறார். அதில் வந்தது ஏசாயா 54:2, "உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு." சூரிய உதயப் படம் போட்ட அந்தச் சிறிய அட்டை இப்போது தறிக்குடோனில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. இன்னும் எட்டுத் தறி வாங்கிக் குடோனையும் நீட்டிக் கட்ட 18 லட்சம் ரூபாய் கடன் எடுப்பதென்று கணவர் முடிவு செய்துவிட்டார். அடமானமாக வைக்கப்போவது சகோதரியின் தகப்பனார் தானசெட்டில்மெண்டாக மகள் பெயருக்கு எழுதிக்கொடுத்த 60 சென்ட் நிலம்.

"யோசிக்கலாம்" என்று இவர் சொன்னபோது, "ஆண்டவரே சொல்லீட்டாருங்கறேன், நீ என்னத்துக்கு ரோசனை பண்ணீட்டிருக்கற?" என்று கணவர் கேட்டிருக்கிறார். அடுத்த வசனத் துண்டில் "திரைகள் விரிவாகட்டும்" என்று வருகிறதே, திரை என்றால் துணிதானே, தறியைத்தான் சொல்லுகிறது என்பது அவருடைய விளக்கம். சபைப் போதகரிடம் போனால், வசனத்தைச் சந்தேகிப்பது அவிசுவாசம் என்று பதில் வந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் ஞாயிறு பள்ளியில், "இந்த வசனம் யாருக்குச் சொன்னது?" என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறாள். கடிதத்தின் முடிவில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: நான் சந்தேகிப்பது பாவமா? கையெழுத்துப் போட மறுத்தால் கணவருக்குக் கீழ்ப்படியாதவள் ஆவேனா? வருடந்தோறும் வேதாகமத்தை முழுக்கப் படிக்கத் தொடங்கி மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன், எனக்கு வேதத்தைப் பற்றிப் பேசவே தகுதி உண்டா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகள் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வழி அதற்குள்தான் இருக்கிறது. நான் குடும்ப ஆலோசகன். அதற்கு முன் சில ஆண்டுகள் இறையியல் படித்தவன். ஒரு வசனத்தை எடுத்தவுடன் அது யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்று கேட்பதுதான் அங்கே எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். அந்தப் பிள்ளை அதைத் தானாகவே கேட்டிருக்கிறாள். அவளைத் திட்டாமல் பதில் சொல்லியிருந்தால், இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காதோ என்னவோ.

அட்டையில் இல்லாத மீதி

ஏசாயா 54-ஆம் அதிகாரம் குழந்தை இல்லாத ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, மகிழ்ந்து பாடச் சொல்லித் தொடங்குகிறது. அந்தப் பெண் எருசலேம் நகரம். கி.மு. 587-ஐ ஒட்டிப் பாபிலோனியர் அதை இடித்து, மக்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகளை இழந்த தாயைப்போல வெறிச்சோடிக் கிடந்த நகரத்தைப் பார்த்து, உன் பிள்ளைகள் திரும்பி வருவார்கள், இருக்கிற கூடாரம் அவர்களுக்குப் போதாது, ஆகையால் இடத்தை விரிவாக்கு என்று தீர்க்கதரிசி சொல்லுகிறார். விரிவாக்குவது வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ள. தொழிலைப் பெருக்கு என்றோ பெருக்காதே என்றோ அந்த இடத்தில் பேச்சே இல்லை.

திரையைப் பற்றிய உங்கள் கணவரின் விளக்கத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதை ஏளனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெசவுக்காரர் கண்ணுக்குத் துணிதான் முதலில் படும். உண்மையில் அக்காலக் கூடாரத் திரைகள் வெள்ளாட்டு மயிரில் நெய்த துணிகளே. அந்த மயிரைப் பெண்கள் திரித்ததை யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில் படிக்கலாம். அவர் தறியை வசனத்துக்குள் பார்த்ததில் பிழையில்லை. வசனம் தறிக்கடனுக்கு உத்தரவு கொடுத்துவிட்டது என்று எண்ணியதுதான் பிழை.

அதைவிட முக்கியமான ஒன்றை அட்டை அச்சிட்டவர்கள் வெட்டிவிட்டார்கள். அதே இரண்டாம் வசனம், "உன் கயிறுகளை நீளமாக்கி, உன் முளைகளை உறுதிப்படுத்து" என்று முடிகிறது. முளை என்ற சொல்லுக்கு நகரத்தில் அகராதி பார்க்கவேண்டும். நம் பக்கத்தில் வெள்ளாடு கட்டுகிற வீட்டுச் சிறுவனுக்கும் முளைக்குச்சி தெரியும். கயிற்றை நீளமாக விடுகிற அன்றைக்கு முளையை இன்னும் நாலு அடி சேர்த்து அடிக்காவிட்டால், ஆடு முளையையும் பிடுங்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துச் சோளத்தில் நிற்கும். கூடாரமும் அப்படித்தான்: துணி அகலமாக ஆகக் காற்று அதிகமாகப் பிடிக்கும், கயிறு முளையை இழுக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வருகிற காற்றுக்குப் பந்தல் போட்டுப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அட்டையைச் சுவரிலிருந்து எடுக்கச் சொல்லாதீர்கள், அது சண்டையில்தான் முடியும். அதற்குக் கீழே மீதி வசனத்தையும் உங்கள் கையெழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இந்த வசனத்தைச் செயலுக்கான அழைப்பாகவே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. போதகர் அதைச் சொல்லக்கூடும் என்பதால் குறிப்பிடுகிறேன். செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரி 1792-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இந்தப் பகுதியின்மேல் செய்த பிரசங்கம் மிஷனெரி வரலாற்றில் பெயர்பெற்றது. ஆனால் அதே ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், நாடு நாடாகப் பரப்பளவும் மக்கள்தொகையும் சமயமும் போட்ட அட்டவணைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அந்த அக்டோபரில் கெட்டரிங் ஊரில் கூடிய போதகர்கள் மிஷனெரி சங்கம் தொடங்க எழுதிக்கொடுத்த தொகை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அது அவரவர் கைக்காசு. யாருடைய மனைவியின் நிலமும் அதற்காக அடமானம் போகவில்லை.

கேள்வி கேட்பது அவிசுவாசமா?

இல்லை என்பதற்கு வேதாகமத்திலேயே வேண்டிய சான்று இருக்கிறது. பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே அப்படியே ஏற்காமல், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்தார்கள் என்றும், அதனால் அவர்கள் நற்குணசாலிகள் என்றும் அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. அப்போஸ்தலனுடைய பிரசங்கத்தைச் சரிபார்த்தவர்களுக்கே பாராட்டு என்றால், தட்டிலிருந்து எடுத்த அட்டையைச் சரிபார்க்கிற உங்களுக்குக் கண்டனம் எப்படி வரும்?

தனி வசனம் ஒன்றைப் பிய்த்து எடுத்துச் செயலுக்குத் தூண்டுவது எவ்வளவு ஆபத்து என்பதையும் சுவிசேஷமே காட்டுகிறது. வனாந்தரச் சோதனையில் பிசாசு 91-ஆம் சங்கீதத்திலிருந்து வசனம் சொல்லித்தான் இயேசுவைத் தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான். வசனம் சரியானது, கேட்ட காரியம் தவறானது. இயேசுவின் பதிலில், தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக "என்றும் எழுதியிருக்கிறதே" என்று வருகிறது. அந்த "என்றும்" என்பதில் உள்ள உம்மையைக் கவனியுங்கள். ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தின் பக்கத்தில் வைத்துப் படிக்கிற பழக்கம் அந்த ஓரெழுத்தில் அடங்கியிருக்கிறது. உங்கள் கணவரின் வசனத்துக்குப் பக்கத்தில் வைக்கவேண்டியது லூக்கா 14:28 என்பேன்: கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டிமுடிக்க வகையுண்டா என்று செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று இயேசு கேட்கிற இடம். அங்கே பேச்சு சீஷனாவதன் விலையைப் பற்றியது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனாலும் கணக்குப் பார்க்காமல் அஸ்திபாரம் போடுகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்பதை அவர் எல்லாருக்கும் தெரிந்த நடப்பாக எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார்.

இதற்காக உங்கள் சபையைக் குறைவாக எண்ணவேண்டாம். கடிதத்தில் அந்தத் தொனி இரண்டு இடங்களில் வந்துவிட்டது. நீங்கள் வளர்ந்த சி.எஸ்.ஐ. முறையில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்று பகுதிகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. போதகர் தனக்குப் பிடித்த வசனத்தையே சுற்றிவராதபடி அது தடுக்கிறது. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா ஆலயத்திலும் 1969 முதல் கத்தோலிக்கத் திருச்சபை பின்பற்றும் மூன்றாண்டுச் சுற்றின்படி மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுக்கு ஒரு நற்செய்தியை முதன்மையாக வாசிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வாசிப்பவர் மூச்சுவிடாமல் படித்து இறங்க, கேட்பவர்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஞாயிறுகளும் எனக்குத் தெரியும். உங்கள் கணவரின் சபையிலோ ஆளுக்கொரு வேதாகமம் கையில் இருக்கிறது, ஓரத்தில் பேனாவால் குறிக்கிறார்கள், பிள்ளைகள் மனப்பாட வசனம் சொல்லுகிறார்கள். அது பெரிய செல்வம். வசனம் தனித்தனி மணியாக நிற்பதுதான் குறை. கோக்கிற நூல் வேண்டும்.

கோப்பதற்கு ஒரு துணையும் வேண்டும். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். வாசிப்பதன் கருத்து தெரிகிறதா என்று பிலிப்பு கேட்டபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று ஏறி உட்காரச் சொல்லுகிறார். அவர் படித்துக்கொண்டிருந்தது ஏசாயா 53, உங்கள் கணவரின் வசனத்துக்கு முந்திய அதிகாரம். நாட்டின் பொக்கிஷத்தையே நிர்வகித்த ஒருவர் தனக்கு விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்படவில்லை.

கையெழுத்தைப் பற்றி

இப்போது இரண்டாம் கேள்வி. கணவருக்கு மரியாதை கொடுப்பதும் அடமானப் பத்திரத்தில் கையெழுத்திடுவதும் ஒன்றென்று நீங்கள் எண்ணிக் கலங்குகிறீர்கள். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, திருமணம் செய்துகொண்டதனாலேயே ஒருவருடைய சொத்தில் மற்றவருக்கு உரிமை வந்துவிடுவதில்லை. தகப்பனார் உங்கள் பெயருக்கு எழுதிய நிலம் உங்களுடையது. நீங்கள் சம்மதித்துக் கையெழுத்திடாமல் அதை அடமானம் வைக்க வழியில்லை. "சும்மா ஜாமீனுக்கு ஒரு கையெழுத்து" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அது விவசாய நிலமாகவே இருக்கிறதா, மனையாக மாற்றப்பட்டதா என்பதைப் பொறுத்து வங்கி வசூலிக்கும் வழி மாறுபடும். பத்திரத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச ஆலோசனை தருவார்கள்.

அதற்காக உரிமையைத் தூக்கிப்பிடித்து ஒரேயடியாக "முடியாது" என்று சொல்லச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பேச்சு தறியை விட்டு உங்கள் விசுவாசத்தின்மேல் திரும்பும்; ஏற்கெனவே பாதி திரும்பிவிட்டது. சமாதானத்துக்காகக் கையெழுத்திட்டால், தொழில் சறுக்குகிற நாளில் இருவருக்கும் நிலமும் போய் வேதத்தின்மேல் கசப்பும் மிஞ்சும். இப்படிக் கசந்து சபையையே விட்டுப்போன குடும்பங்களை ஆலோசனை அறையில் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய வருத்தம் கடன்காரர்மேல் குறைவு, கடவுள்மேல் அதிகம்.

ஆகையால் தவணை கேளுங்கள். மூன்று மாதம் போதும். அந்த மூன்று மாதத்தில் இரண்டு வேலைகள். ஒன்று, நோட்டு ஒன்றில் கணக்கு. 18 லட்சம் கடனுக்கு 12 சதவீத வட்டி, 7 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால், மாதம் ஏறக்குறைய 31,800 ரூபாய் கட்டவேண்டும். புது எட்டுத் தறியின் கூலியில் ஆள் சம்பளம், உதிரிப்பாகம், மின்கட்டணம் போக அவ்வளவு மிஞ்சுமா? விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவச மின்சாரம் உண்டு. இப்போதுள்ள எட்டுத் தறியிலேயே அதைத் தாண்டியிருப்பீர்கள், புதியவற்றுக்கு முழுவதும் கட்டணம்தான். கூலி உயர்வு கேட்டுத் தறிகள் வாரக்கணக்கில் நின்ற நாட்களை நம் பகுதி பார்த்திருக்கிறது. தறி நின்றாலும் தவணை நிற்காது. பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) கொடுக்கிறவர் கூடுதல் எட்டுத் தறிக்கும் பாவு தருவதாக உறுதி சொல்லியிருக்கிறாரா? இதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை கேட்கவே இல்லையோ என்று சந்தேகப்படுகிறேன். கணக்கு சரியாக வந்தால் எட்டுக்குப் பதில் இரண்டு தறியில் தொடங்குவதைப் பேசலாம், நிலத்தைத் தொடாமல்.

இரண்டாவது வேலை, குடும்ப ஜெபத்தில் ஏசாயா 40 முதல் 55 வரை, நாளுக்கு ஓர் அதிகாரம். பதினாறு நாளில் முடியும். கணவரே வாசிக்கட்டும், அவருக்குத் தலைமை போய்விட்டதென்று தோன்றக்கூடாது. விளங்காத இடத்தில் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஆலயங்களில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-ஐச் சேர்ந்தது; அதன் ஓசை நமக்குப் பிரியமானது என்றாலும் சில இடங்களில் பொருள் பிடிபடாது. வாசித்தபின் கத்தோலிக்கரின் அன்பியம் என்ற அக்கம்பக்கத்துச் சிறு ஜெபக் கூட்டங்களில் செய்வதுபோல, ஆளுக்கு மனதில் பட்ட ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டுச் சற்று மௌனமாக இருங்கள். தறிக்கடன் பேச்சை அந்த நேரத்தில் எடுக்கவேண்டாம். மகள் கேள்வி கேட்டால் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அடுத்த நாள் தேடலாம்.

போதகரைப் பொறுத்தவரை, கூட்டத்தில் நின்று அவரைக் கேள்வி கேட்காதீர்கள். இருவருமாக வீட்டுக்குப் போய், "ஐயா, 54-ஆம் அதிகாரம் முழுவதையும் எங்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நல்ல போதகருக்கு அதைவிட மகிழ்ச்சியான வேண்டுகோள் இருக்கமுடியாது. அதற்கும் அவர் கோபப்பட்டால், அந்தக் கோபத்தையும் உங்கள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்.

லேவியராகமம்

கடைசிக் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள் உள்ளன. நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று படித்தால் ஓராண்டில் முடியும் என்பது நம் வீடுகளில் தலைமுறையாக வருகிற கணக்கு. கணக்கு சரிதான்; ஆனால் விடியுமுன் எழுந்து தறி ஓட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற ஒருவருக்கு, பிப்ரவரி வாக்கில் குஷ்டரோகச் சட்டங்களும் பலி முறைகளும் வரும்போது நின்றுபோவதில் ஆச்சரியமில்லை. அதைத் தகுதிக் குறைவென்று எண்ணி ஒவ்வொரு ஜனவரியும் ஆதியாகமத்திலிருந்தே மறுபடி தொடங்குகிறீர்கள். அதனால்தான் ஆதியாகமம் மட்டும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கிறது. இந்த முறை ஏசாயாவை முடித்தபின் மாற்கு சுவிசேஷத்துக்குப் போங்கள், அதுவும் பதினாறே அதிகாரம். அதற்குப் பின் எபிரெயர் நிருபத்தைப் படித்துவிட்டு லேவியராகமத்தைத் திறந்தால், ஆசாரியனும் பலியும் எதற்கென்று ஓரளவு பிடிபடும், 16-ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள்.